ஒரு காற்று, பல கணக்கு



இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அழுத்தம்; அதிலும், அழுத்தத்தை அளப்பதற்கு நாம் கைக்கொண்டிருக்கும் மெட்ரிக் அலகுகளை ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றும் கணக்கு. பள்ளிக்கூடத்துப் பெருக்கல் வாய்ப்பாட்டை மாலை நேரத்துச் சபைக்கு இவர் ஏன் தூக்கிக்கொண்டு வந்தார் என்று சிலர் எண்ணக்கூடும். எண்ணட்டும், அந்த எண்ணத்தோடேயே கேட்கட்டும். சமுத்திரக் கரையில் இருக்கும் ஊரில் இந்த விஷயத்தைப் பேசினால் அது வெறும் கணக்குதான். ஆனால் கடல் மட்டத்துக்கு மேல் ஏழாயிரம் அடி உயரத்தில், பழனி மலைத்தொடரின் முதுகின்மேல், கொடைக்கானலில் நின்று பேசும்பொழுது, இது சோறு வேகும் விவகாரம். மோட்டார் தண்ணீர் இறைக்கும் விவகாரம். வானிலை அறிக்கையைப் புரிந்துகொள்ளும் விவகாரம். நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த மலையில் உட்கார்ந்து சூரியனையே எடைபோட முயன்ற ஒரு விஞ்ஞானியின் விவகாரமும் ஆகும்.

முதலில், நீங்கள் எல்லோரும் பிரத்தியட்சமாகக் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். வத்தலக்குண்டில் பேருந்து நிற்கும்பொழுது குழந்தை கேட்கிறதே என்று ஒரு சிப்ஸ் பொட்டலம் வாங்குகிறீர்கள். அப்பொழுது அது சாதாரணமாக இருக்கிறது. வண்டி மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறுகிறது, காது அடைக்கிறது, பெருமாள்மலை வருவதற்குள் பொட்டலம் உப்பத் தொடங்குகிறது, வெள்ளி அருவியைத் தாண்டும்பொழுது, தொட்டால் வெடிக்குமோ என்று அஞ்சும்படி பருத்து நிற்கிறது. அதனுள் யார் போய்க் காற்று அடித்தார்கள்? ஒருவரும் அடிக்கவில்லை. உள்ளே இருந்த காற்று இருந்தபடியே இருக்கிறது. வெளியே அதை நெருக்கிக்கொண்டிருந்த வாயுமண்டலம்தான் தன் பிடியைத் தளர்த்திவிட்டது.

எவ்வளவு தளர்த்திற்று? வத்தலக்குண்டில் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 975 ஹெக்டோபாஸ்கல். கொடைக்கானல் நகரத்தில் ஏறக்குறைய 785. வித்தியாசம் 190. இந்த 190 என்ற எண்ணைக் கேட்டு உங்களில் யாருக்காவது ஏதாவது விளங்கிற்றா? விளங்கியிராது. அதையே கிலோகிராமுக்கு மாற்றிப் பார்ப்போம். 190 ஹெக்டோபாஸ்கல் என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 190 கிராம் எடை அழுத்துவதற்குச் சமம். பதினைந்துக்கு இருபது சென்டிமீட்டர் உள்ள பொட்டலமானால் அதன் ஒரு முகத்தின் பரப்பு 300 சதுர சென்டிமீட்டர். ஆகவே, உறை சிறிதும் விரியாமலும் வெப்பம் மாறாமலும் இருந்தால், அந்த முகத்தை உள்ளிருந்து தள்ளும் விசை ஏறக்குறைய 58 கிலோ எடைக்குச் சமம்! ஒரு மனிதர் ஏறி நிற்பதற்கு ஒப்பான பாரம். உறை விரிந்து கொடுப்பதால்தான் தப்பிக்கிறது. பாருங்கள், எண் ஒன்றே. ஓர் அலகில் ஊமையாக இருந்தது, வேறோர் அலகில் வாய் திறந்து பேசுகிறது. அலகு மாற்றம் என்பது இதற்காகத்தான்.

சரி, இந்த அலகுகள் எங்கிருந்து வந்தன? இத்தாலியில் டாரிசெல்லி என்பவர் 1644-ஆம் ஆண்டையொட்டி, ஒரு கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பித் தலைகீழாகக் கவிழ்த்து, அது 76 சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடுவதைக் கண்டார். அதைத் தாங்கி நிற்பது வெளிக்காற்றின் பாரமே என்று அவர் சொன்னார். சொன்னதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்களா என்றால், இல்லை. பிரான்ஸ் தேசத்து பிளேஸ் பாஸ்கல், காற்றின் பாரம் உண்மையானால் மலைமேல் பாதரசம் இறங்க வேண்டுமே என்று யோசித்தார். தாம் பாரிஸில் இருந்தபடியால், தம் தமக்கையின் கணவர் பெரியே என்பவருக்குக் கடிதம் எழுதினார். 1648 செப்டம்பர் 19 அன்று பெரியே பூய்-தெ-தோம் என்ற மலைமேல் ஏறினார். புறப்படும் முன் அவர் செய்த காரியம்தான் என் மனத்தை மிகவும் கவர்வது: ஒரு குழாயை அடிவாரத்து மடத்தின் தோட்டத்திலேயே நிறுத்தி, அதை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்குமாறு ஒரு துறவியிடம் ஒப்படைத்துவிட்டு, மற்றொன்றை மேலே கொண்டுபோனார். மேலே பாதரசம் ஏறக்குறைய எட்டு சென்டிமீட்டர் இறங்கிற்று. கீழே துறவியின் குழாயில் அசைவே இல்லை. பெரியே ஏறியது ஏறக்குறைய ஆயிரம் மீட்டர். வத்தலக்குண்டிலிருந்து நாம் ஏறுவது அதைப்போல் ஒன்றேமுக்கால் மடங்கு. அவருடைய குழாயை நம் பேருந்தில் வைத்தால் பாதரசம் பதினான்கு சென்டிமீட்டருக்குமேல் இறங்கியிருக்கும்.

அன்று தொடங்கிய பாதரச மில்லிமீட்டர் இன்றும் நம்மை விட்டபாடில்லை. வைத்தியர் கையில் பட்டை கட்டி, 120-க்கு 80 என்கிறாரே, அது பாதரச மில்லிமீட்டர். பாரமானியில் கடல் மட்டத்துக்கு 760 என்கிறோமே, அதுவும் அதுவே. அந்த 760-ஐ ஒன்று எனக் கொண்டது வாயுமண்டல அலகு. விஞ்ஞானிகள், பாதரசத்தின் தயவில்லாத ஓர் அலகு வேண்டும் என்று கருதி வகுத்தது பார். அதை ஆயிரமாகப் பிரித்தால் மில்லிபார். பின்னர் 1971-இல் சர்வதேச அளவை மாநாடு, ஒரு சதுர மீட்டரில் ஒரு நியூட்டன் விசை என்பதற்குப் பாஸ்கல் என்று பெயரிட்டது. மலையேறாமல் கடிதம் எழுதியவருக்குக் கிடைத்தது அந்தப் பெருமை. மலையேறிய பெரியேவுக்கு எந்த அலகும் இல்லை. உலகம் அப்படித்தான்.

பாஸ்கல் மிகச் சிறிய அலகு; மேஜைமேல் விரித்த ஒரு காகிதம் தன் எடையால் மேஜையை அழுத்துவதே ஏறக்குறைய ஒரு பாஸ்கல் இருக்கும். ஆகவே நூறு பாஸ்கலைச் சேர்த்து ஹெக்டோபாஸ்கல் என்றும், ஆயிரத்தைச் சேர்த்துக் கிலோபாஸ்கல் என்றும், லட்சத்தைச் சேர்த்து ஒரு பார் என்றும் வழங்குகிறோம். ஒரு ஹெக்டோபாஸ்கலும் ஒரு மில்லிபாரும் இம்மியும் பிசகாமல் ஒன்றே. பழைய அறிக்கைகளில் மில்லிபார் என்று இருந்த இடத்தில் ஹெக்டோபாஸ்கல் என்று எழுதிக்கொண்டால் எண்ணில் கை வைக்கவே வேண்டாம். வானிலைக்காரர்கள் சிரமமின்றி மாறிக்கொண்டதற்கு அதுவே காரணம். பாதரச மில்லிமீட்டரை ஹெக்டோபாஸ்கலாக்க 1.33322-ஆல் பெருக்க வேண்டும். வைத்தியரின் 120, ஹெக்டோபாஸ்கலில் 160 ஆகிவிடும். கேட்பவர் மயங்கி விழுந்துவிடுவார் என்பதனாலோ என்னவோ, வைத்திய உலகம் மாறவில்லை.

இனி, மெட்ரிக் அலகுகளிலேயே மிகவும் குழப்பம் விளைவிக்கும் மூவரைப் பார்ப்போம். ஒரு வாயுமண்டலம், ஒரு பார், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும், மூன்றும் ஒன்றல்ல. ஒரு வாயுமண்டலம் 1013.25 ஹெக்டோபாஸ்கல்; ஒரு பார் 1000; ஒரு கிலோ 980.665. மூன்றையும் ஒன்றென்றே வைத்துக்கொண்டால் என்ன குடிமுழுகிவிடும்? வண்டிச் சக்கரத்துக்குக் காற்று அடிப்பவருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வானிலை அறிக்கை எழுதுபவர் அப்படி வைத்துக்கொள்ளலாமா? வாயுமண்டலத்துக்கும் பாருக்கும் உள்ள வித்தியாசம் 13 ஹெக்டோபாஸ்கல். வங்காள விரிகுடாவில் அமைதியான நாளுக்கும் புயல் திரண்டு நிற்கும் நாளுக்கும் உள்ள வித்தியாசமே அந்த அளவுக்குள் அடங்கிவிடக்கூடும். உயரம் காட்டும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நம் மலையில் நடப்பவருக்கு அந்த 13 ஹெக்டோபாஸ்கல் பிழை, ஏறக்குறைய 140 மீட்டர் உயரப் பிழையாக வந்து நிற்கும். எந்தப் பிழையைப் பொறுக்கலாம் என்பதைக் கணக்கு சொல்வதில்லை. காரியம்தான் சொல்ல வேண்டும்.

நம் தேசத்தில் 1956-இல் எடை அளவைச் சட்டம் இயற்றப்பட்டது. 1957 ஏப்ரல் முதல் தேதியன்று ரூபாய்க்குப் பதினாறணா என்பது போய் நூறு நயா பைசா என்று வந்தது. அணாவையும் பைசாவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்த அக்காலத்துக் கடைக்காரரின் தவிப்பு எத்தகையதோ, அத்தகைய தவிப்பே அழுத்தத்தில் இன்றும் நமக்கு இருக்கிறது. அணா மறைந்துவிட்டது; அழுத்தத்தில் மட்டும் பழையது எதுவும் மறையவில்லை. பெட்ரோல் பங்கில் 30 என்றால் பவுண்டு, குக்கரில் கிலோ, ஆஸ்பத்திரியில் பாதரச மில்லிமீட்டர், வானொலியில் ஹெக்டோபாஸ்கல். ஒரே குடும்பம் ஒரே நாளில் இந்த நான்கையும் கடந்து வருகிறது.

இப்பொழுது குக்கருக்கு வருகிறேன். தாய்மார்கள் கவனிக்க வேண்டுகிறேன். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் கடற்கரையில் 100 பாகையில் கொதிக்கிறது. கொடைக்கானல் நகரத்தில் ஏறக்குறைய 93 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. கொதிக்கிறதே தவிரச் சூடு போதாது. பருப்பு தண்ணீரில் குதித்துக்கொண்டே இருக்குமேயல்லாமல் குழையாது. ஆகவே குக்கரில் வைக்கிறோம். குக்கரின் வெயிட்டு, உள்ளே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் சேர்ந்தால் தூக்கிக்கொள்ளும்படி செய்யப்பட்டிருக்கிறது. சென்னையிலும் ஒரு கிலோ. கொடைக்கானலிலும் ஒரு கிலோ. அப்படியானால் இரண்டு இடத்திலும் ஒரேபோல வேக வேண்டுமல்லவா? வேகாது. ஏன்?

அந்த ஒரு கிலோ எதற்குமேல் ஒரு கிலோ என்று கேட்க வேண்டும். சூனியத்துக்கு மேலா? இல்லை, வெளியே இருக்கும் காற்றுக்கு மேல். சென்னையில் வெளிக்காற்று ஏறக்குறைய 1010 ஹெக்டோபாஸ்கல். அதனுடன் குக்கரின் 981-ஐக் கூட்டினால் 1991. அந்த அழுத்தத்தில் நீர் கொதிப்பது 120 பாகையில். கொடைக்கானலில் வெளிக்காற்று 785. அதனுடன் அதே 981-ஐக் கூட்டினால் 1766. நீர் கொதிப்பது ஏறக்குறைய 116 பாகையில். கீழே மூன்று விசிலுக்கு இறக்கிய பருப்புக்கு மேலே இன்னுமொரு விசில் விட்டுப் பார்க்கும் கைப்பழக்கத்துக்குள் இந்தக் கூட்டல் கணக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. கிலோவைப் பாஸ்கலாக்கும் பெருக்கலை இயந்திரம்கூடச் செய்துவிடும். எதிலிருந்து அளந்தாய் என்ற கேள்வியை மனிதர்தான் கேட்க வேண்டும். பெருக்கலில் பிழை செய்தவரைவிட, இந்தக் கேள்வியைக் கேட்க மறந்தவர் செய்யும் பிழையே எப்பொழுதும் பெரிது என்பது என் அபிப்பிராயம்.

வண்டிச் சக்கரத்திலும் இதே கேள்விதான். ஆனால் அங்கே ஒரு வேடிக்கை நடக்கிறது. வத்தலக்குண்டில் 35 பாகை வெயிலில் சக்கரத்துக்கு 2.1 கிலோ காற்று அடிக்கிறோம். மேலே வந்து, வண்டி நின்று, சக்கரம் மலைக்குளிரில் 15 பாகைக்கு ஆறுகிறது. வெளிக்காற்று குறைந்துவிட்டபடியால் மானி அதிகம் காட்ட வேண்டும். சக்கரத்துக் காற்று குளிர்ந்துவிட்டபடியால் குறைவாகக் காட்ட வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: உயரத்தால் கூடுவது ஏறக்குறைய 190 ஹெக்டோபாஸ்கல், குளிரால் குறைவதும் ஏறக்குறைய அதே அளவு! மானி மறுபடியும் 2.1 என்கிறது. ஓட்டுநருக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றும். இயற்கை இரண்டு பேரேடுகளிலும் எழுதி நேர்செய்துவிட்டிருக்கிறது.

மன்னவனூர், பூம்பாறைப் பக்கத்து விவசாயப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்றால் பத்து மீட்டர் தண்ணீர் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; இதைவிடச் சௌகரியமான மாற்றம் வேறில்லை. ஓடைக்கு மேலே கரையில் மோட்டாரை வைத்து உறிஞ்சும்பொழுது, தண்ணீரை மேலே தள்ளுவது மோட்டார் அன்று, ஓடையின்மேல் அழுத்தும் காற்று. கடற்கரையில் அந்தக் காற்று பத்து மீட்டருக்குச் சற்று அதிகமாகத் தள்ளும். உங்கள் ஊரில் எட்டு மீட்டர் அளவோடு அதன் பலம் தீர்ந்துவிடும். அதுவும் ஏட்டுக்கணக்கு, குழாயின் உராய்வும் பிறவும் போக, கைக்குக் கிடைப்பது இன்னும் குறைவு. சமவெளிக் கடையில் எழுதிக் கொடுத்த உறிஞ்சும் உயரத்தை அப்படியே நம்பி மலையில் மோட்டாரை உயரத்தில் வைக்காதீர்கள்; எவ்வளவு பெரிய மோட்டார் வாங்கினாலும் இந்த எல்லை நகராது.

இனி, நம் ஊரின் மகுடமாகிய வான ஆய்வகத்துக்கு வருவோம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின், பருவமழை ஏன் பொய்க்கிறது, அதற்கும் சூரியனுக்கும் ஏதேனும் சம்பந்தம் உண்டா என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வியும் வேறு பல காரணங்களும் சேர்ந்து, சென்னையில் இருந்த வான ஆராய்ச்சியை மலைக்குக் கொண்டுவந்தன. மிச்சி ஸ்மித் என்பவரின் பொறுப்பில் 1899-இல் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நிறுவப்பட்டது. அதன் உயரம் 2343 மீட்டர். சூரியனைப் பார்க்கும் தொலைநோக்கிகளோடு பாரமானிகளும் அங்கே வேலை செய்தன. அக்காலத்து இந்திய வானிலைப் பதிவேடுகளில் அழுத்தம் அங்குலத்தில் எழுதப்பட்டது. இன்று அந்தப் பதிவுகளை ஆராய்பவர் ஒவ்வோர் எண்ணையும் மாற்றியாக வேண்டும்.

அந்த மாற்றம் எளிதா? 2343 மீட்டர் உயரத்தில், 15 பாகை வெப்பமுள்ள ஓர் அறையில், பாதரசம் 580 மில்லிமீட்டர் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். 1.33322-ஆல் பெருக்குகிறோம், 773 ஹெக்டோபாஸ்கல் வருகிறது. முடிந்ததா? முடியவில்லை. 1.33322 என்ற அந்த எண், பாதரசம் பூஜ்ய பாகையில் இருக்கிறது என்றும், பூமியின் ஈர்ப்பு 9.80665 என்றும் எண்ணி வகுக்கப்பட்டது. நம் அறையில் பாதரசம் வெப்பத்தால் விரிந்து சற்று உயர்ந்து நிற்கிறது. நாம் பூமத்திய ரேகைக்கு அருகிலும் மலைமேலும் இருப்பதனால் ஈர்ப்பும் 9.78-க்குச் சற்றுக் குறைவு. ஆகவே பாதரசத்தின் பாரம் குறைந்து, அதே காற்று அதை ஏறக்குறைய 1.8 மில்லிமீட்டர் அதிகமாகத் தூக்கிவிடுகிறது. இரண்டையும் திருத்தினால் கிடைப்பது 769. நான்கு ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம்! நம் வெப்பமண்டலத்தில் காலை பத்து மணி சுமாருக்கு உச்சத்துக்கு ஏறி, மாலை நான்கு மணி சுமாருக்குத் தாழ்ந்து, இரவில் மறுபடியும் ஏறி இறங்கும் அன்றாட அழுத்த அலையையே இந்தப் பிழை விழுங்கிவிடும்.

இத்தகைய நுட்பங்களைத் தேசம் முழுவதற்கும் ஒழுங்குபடுத்தித் தந்தவர்களில் ஒருவரை இங்கே நன்றியோடு சொல்ல வேண்டும். 1918-இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1948-இல் புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்த அன்னா மணி அம்மையார், வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த கருவிகளை நம் நாட்டிலேயே செய்ய ஏற்பாடு செய்தார். ஏறக்குறைய நூறு கருவிகளுக்கு ஒரே பிரமாணமான வரைபடங்களை வகுத்தார். எந்த ஊர்ப் பாரமானியும் ஒரே அளவைச் சொல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. பெரியேவின் துறவி ஒரு நாள் செய்த காவலை அந்த அம்மையார் தம் உத்தியோக காலம் முழுவதும் செய்தார்.

கடைசியாக, சூரியனை எடைபோட்ட கதை. 1890-களில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், அழுத்தம் மிகுந்தால் நிறமாலைக் கோடுகள் சிவப்பு முனையை நோக்கிச் சற்றே நகர்வதைக் கண்டுபிடித்தார்கள். சூரிய ஒளியின் கோடுகளும் சற்றே நகர்ந்துதான் இருக்கின்றன. உடனே, அந்த நகர்வைக் கொண்டு, சூரியனின் மேலடுக்கில் அழுத்தம் பல வாயுமண்டலங்கள் இருக்கும் என்று சிலர் மதிப்பிட்டார்கள். 1907-இல் இந்த மலைக்கு வந்தவரும், சூரியப் புள்ளிகளில் வாயு ஆரத்திசையில் வெளிநோக்கி ஓடுவதை 1909-இல் இங்கிருந்தே கண்டவருமான ஜான் எவர்ஷெட், அந்த மதிப்பீட்டை ஒப்பவில்லை. கோடுகள் நகர்வதெல்லாம் அழுத்தத்தால்தான் என்று ஏன் கொள்ள வேண்டும், வேறு காரணங்கள் இருக்கலாகாதா என்று கேட்டு, அங்கே அழுத்தம் மிகக் குறைவு என்று வாதாடினார். அளந்த எண்ணில் யாரும் பிழை செய்யவில்லை. கோட்டின் நகர்வை அழுத்தமாக மாற்றியதில்தான் பிழை.

பின்வந்த ஆராய்ச்சி அவர் பக்கமே நின்றது. நாம் வட்டத் தகடாகக் காணும் சூரியனின் ஒளிமண்டலத்தில் அழுத்தம் ஏறக்குறைய 100 ஹெக்டோபாஸ்கல் அளவுதான். அதற்கு மேலே போகப் போக விரைந்து குறைகிறது. பாரில் சொன்னால் பத்தில் ஒன்று. பாதரசத்தில் சொன்னால் ஏழரை சென்டிமீட்டர். கிலோவில் சொன்னால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நூறு கிராமுக்குச் சற்று மேல். கொடைக்கானல் ஆய்வகத்தில் எவர்ஷெட் சுவாசித்த காற்றின் அழுத்தத்தில் அது ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு.